காற்றுக்குத் தாசில்தார்

நான் டெல்லியில் என்ன வேலை பார்க்கிறேன் என்று செஞ்சியில் ஒருவருக்கும் இன்றுவரை புரியவைக்க முடிந்ததில்லை. செல்போன் கம்பெனிக்கு எந்த அலைவரிசை, விமானத்துக்கு எது, போலீஸ் வாக்கிடாக்கிக்கு எது என்று காற்றைக் கூறு போட்டுக் கொடுக்கிற துறை எங்களுடையது. அலைக்கற்றை, அலைக்கற்றை என்று பேப்பரில் போடுவார்களே, அந்தக் கற்றையைக் கட்டி வைத்திருக்கும் கயிறு நாங்கள்தான். கண்ணுக்குத் தெரியாத, கையால் தொடமுடியாத, வாசனைகூட இல்லாத ஒரு பொருளை நிர்வாகம் செய்து நான் சம்பளம் வாங்குவதை எங்கள் தெரு ஒரு பெரிய சாமர்த்தியமாகவே பார்த்தது.

ஊருக்கு இதை எளிமைப்படுத்திச் சொன்னவர் என் அப்பாதான். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். "அவன் காத்துக்குத் தாசில்தாரு" என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறார்.

"பட்டா குடுப்பானா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"குடுப்பான். ஆனா நெலம் கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப அளக்க வர சர்வேயருக்கு வசதியா போச்சு" என்று அவர் டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தத் துறையில் மேலிருந்து இரண்டாவது நாற்காலி என்னுடையது. மேல் நாற்காலிக்காரர் ஓய்வு பெற்றுப் போனதால், எட்டு மாதமாக அதையும் 'கூடுதல் பொறுப்பு' என்ற பெயரில் நானே தேய்த்துக்கொண்டிருந்தேன். அதை எனக்கே நிரந்தரமாகக் கொடுக்கும் கோப்பு கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஒரே ஒரு தாள்தான் பாக்கி. இந்த ஆள்மேல் எந்தக் கறையும் இல்லை என்று கண்காணிப்புப் பிரிவு எழுதித் தர வேண்டிய தாள். முப்பது வருஷ சர்வீஸில் நான் ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. ஆகவே நிம்மதியாக இருந்தேன். அதாவது, செஞ்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்த கறையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தக் கறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவுக்கும் செல்போன் டவருக்கும் நடுவில் கோட்டை மலை உட்கார்ந்திருக்கிறது. எத்தனையோ படைகள் வந்து முட்டியும் நகராத மலை என் அலைக்கற்றைக்கு மட்டும் ஒதுங்கி வழிவிடுமா? வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். நாலு வருஷத்துக்கு முன் நைனா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கழனியில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து, கையில் போனை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் சேற்றில் கிடந்தார். அம்மா போனபிறகு அவர் தனியாள். யாருக்குப் போட்டும் போகவில்லை. எதிர்வீட்டு நர்ஸம்மா, கிராம சுகாதார நர்ஸ், தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் தூக்கிவந்தார். விஷயம் தெரிந்ததும் நான் டெல்லியில் ஒரு மார்க்கெட்டுக்குப் போய் ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கினேன்.

அனுமதியில்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம். அது குற்றம் என்று நாடு முழுக்கப் பேசித் திரிகிற ஆள் நான். கடைக்காரர் அதைப் பெட்டியில் போடும்போது, "சார், யாராவது கேட்டா இங்க வாங்கினேன்னு சொல்லாதீங்க, இப்ப ரொம்ப கெடுபிடி" என்றார் இந்தியில். அந்தக் கெடுபிடி நான்தான். "சேச்சே, சொல்வேனா" என்றேன். கைலியில் சுற்றி, முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன்.

பூஸ்டர் ஏன் கூடாது என்பதற்கு நான் மேடையில் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. கல்யாணப் பந்தியில் ஒருவன் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு 'சாம்பார், சாம்பார்' என்று கத்தினால், அவனுக்கு சாம்பார் வரும். மற்ற நூறு பேர் கேட்கிற ரசம் பரிமாறுபவன் காதில் விழாது. டவர்தான் பரிமாறுபவன். இதற்கு எல்லா ஊரிலும் சிரித்திருக்கிறார்கள். நான் சாம்பாரை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு ஆன்டெனாவை மொட்டைமாடியில் கம்பியில் கட்டினேன். இன்னொன்றைக் கூடத்தில் ஆணியடித்து மாட்டினேன். "நைனா, இது ரெண்டும் சண்டைக்கார சம்மந்தி மாதிரி. ஒண்ணையொண்ணு பாத்துக்கவே கூடாது. நடுவுல ஒரு தளமாவது இருக்கணும்" என்று சொன்னேன். நைனா தலையாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. நாலு கோடு சிக்னல் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் இதைக் கழற்றிவிட வேண்டும் என்று நினைப்பேன்; அதற்குள் மந்திரி ஆபீஸிலிருந்து போன் வரும்; அந்த போன் தெளிவாகக் கேட்பது அந்தப் பூஸ்டரால்தான் என்பதால் கழற்றுவதை அடுத்த தடவைக்குத் தள்ளிவைப்பேன். நம்ம வீட்டுப் பூஸ்டர் யாரையும் கடிக்காது என்று நம்பினேன். நாய் வளர்க்கிற எல்லாரும் சொல்வதுதான்.

போன ஐப்பசி வாக்கில் நைனாவின் போன் கிடைக்காமல் போயிற்று. வாரத்துக்கு ஒரு முறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து அவரே கூப்பிடுவார்.

"நம்ம தெருவுலயே சிக்னல் சுத்தமா இல்லடா. நர்ஸம்மா வூட்லயும் இல்ல."

"நான் யார்கிட்டயாவது சொல்லவா நைனா?"

"நீ பெரிய வேலைல கீற. இதுக்கெல்லாம் உன்ன இழுக்கக் கூடாது. நான் பாத்துக்கிறேன்."

நைனா 'நான் பாத்துக்கிறேன்' என்றால் மனு எழுதப்போகிறார் என்று அர்த்தம். சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் அவர் கொடுத்த மனுக்களை அடுக்கினால் எங்கள் மாடிப்படிக்கு இன்னொரு படி கிடைக்கும். இதுவும் அப்படி ஒன்று என்று விட்டுவிட்டேன்.

தை மாதத் தொடக்கத்தில் என் மேஜைக்கு ஒரு பட்டியல் வந்தது. எந்தெந்த ஊரில் யாரோ காற்றைக் கலக்கிவிடுகிறார்கள் என்ற புகார்ப் பட்டியல். வழக்கமாக மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். அன்றைக்கு 'செஞ்சி' என்ற ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. எனக்கு உடம்பெல்லாம் ஊர்ப்பற்று ஏறிவிட்டது. கோப்பை வரவழைத்தேன். ஒரு மனு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுக்கப்பட்டு, அங்கிருந்து கம்பெனிக்கு, கம்பெனி டவரைச் சோதித்து 'எங்கள்மேல் தப்பில்லை, யாரோ இரைச்சல் கிளப்புகிறார்கள்' என்று எழுதி, அங்கிருந்து எங்கள் சென்னை ஆபீஸுக்கு, அங்கிருந்து என்னிடம் வந்திருந்தது. வழியில் மனுதாரர் பெயர் உதிர்ந்துபோய், இங்கிலீஷில் 'ஒரு தெருவின் குடியிருப்போர்' ஆகிவிட்டிருந்தது. தமிழில் எழுதிய மூல மனு கடைசிப் பக்கத்தில் இணைக்கப்பட்டிருந்தது. அந்த ஆபீஸிலேயே தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. அதிகாரிகள் கடைசிப் பக்கம் வரை போவதில்லை. அது எங்கள் பதவிக்கு அழகில்லை.

எங்கள் வீட்டுச் சின்னப் பூஸ்டரையே அமுக்கிப்போட்ட அந்தப் பெரிய பூஸ்டர் எவனுடையது என்று எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷ அனுபவத்தோடு நான் செய்த தொழில்நுட்பக் கணிப்பு அது. பேனாவை எடுத்து எழுதினேன்: உடனே குழு அனுப்பிக் கண்டுபிடிக்கவும், கருவியைப் பறிமுதல் செய்யவும், யாராக இருந்தாலும் கடும் நடவடிக்கை எடுக்கவும். 'யாராக இருந்தாலும்' என்பதற்கு அடியில் கோடு போட்டேன். ஒரு கோடு போதவில்லை என்று தோன்றியது. இரண்டாவது கோடும் போட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். குழு போகிற நாளில் நானும் 'மேற்பார்வை' என்று கிளம்பினேன். உண்மையான காரணம் வேறு. தலையில் ஆன்டெனா வைத்த ஜீப்பு எங்கள் தெருவுக்குள் வர வேண்டும். அதிலிருந்து இறங்குகிறவர்கள் என்னை சார் சார் என்று கூப்பிட வேண்டும். காற்றுக்குத் தாசில்தார் என்றால் என்ன என்று தெரு பார்க்க வேண்டும். நைனாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் வழியில்லை, போன் போகாதே.

குழுவின் தலைமை ஒரு பெண் இன்ஜினீயர். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். காதில் ஹெட்போனும் கையில் மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு, அதை மெதுவாகத் திருப்பி, எந்தப் பக்கம் இரைச்சல் அதிகமோ அந்தத் திசையில் வரைபடத்தில் ஒரு கோடு போடுவார். பிறகு இடம் மாறிப்போய் இன்னொரு கோடு. கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் திருடன். வேலை அவ்வளவுதான்.

திண்டிவனம் ரோட்டில் போட்ட முதல் கோடு நேராகக் கோட்டை மலை உச்சிக்குப் போயிற்று.

"ராஜா காலத்துப் பூஸ்டரா இருக்குமோ" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாறைல பட்டுத் திரும்புது சார். இது பொய்க்கோடு. இன்னும் நாலு எடம் போகணும்."

இரண்டாவது கோடு திருவண்ணாமலை ரோட்டிலிருந்து. மூன்றாவது நெல் மண்டிப் பக்கமிருந்து. நான் ஜீப்பில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டு, குற்றவாளியை எப்படிக் கண்டிப்பது என்று வசனம் தயாரித்துக்கொண்டிருந்தேன். 'படிச்சவங்களே இப்படிச் செய்யலாமா' என்று ஆரம்பிப்பதாகத் திட்டம்.

ஐந்தாவது கோட்டைப் போட்டதும் அவர் வரைபடத்தை பானெட்மேல் விரித்தார். பொய்க்கோட்டை அடித்துவிட்டு மற்ற நாலையும் காட்டினார். "இந்தத் தெரு சார். புள்ளையார் கோயில்லேருந்து நாலாவது அஞ்சாவது வீடு. முன்னபின்ன ஒரு வீடு தள்ளி இருக்கலாம்."

பிள்ளையார் கோயிலிலிருந்து நாலாவது வீடு எங்களுடையது.

என் பயம் எப்போதும் முதலில் வயிற்றுக்குத்தான் தகவல் சொல்லும். மூளைக்குப் பிற்பாடு ஒரு நகல் வரும். அந்த நகல் வந்தது. அதன்பிறகுதான் மூளை கணக்குப் போட்டது. அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பூஸ்டர்தான். அதை வாங்கியவன், வைத்தவன், அதைப் பிடிக்கச் சொல்லி இரண்டு கோடு போட்டவன் எல்லாரும் இளநீர்க் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"சார், முகம் ஒரு மாதிரி இருக்கு."

"வெயில்" என்றேன். தை மாதத்தில்.

"நீங்க கொஞ்சம் நிழல்ல இருங்க. நாங்க டீ குடிச்சிட்டு அந்தத் தெருவுக்குப் போறோம்."

கால் மணி நேரம் இருந்தது. செய்ய வேண்டியது ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும். இரைச்சல் நின்றால் திருடன் இல்லை. 'குழு வருவதை அறிந்து மர்ம நபர் கருவியை அகற்றிவிட்டார்' என்று கோப்பை மூடலாம். தாள் வரும், நாற்காலி வரும். நைனாவுக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது ஒரு பெண் குரல். இன்னொரு முறை போட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பூஸ்டரை நிறுத்தச் சொல்ல போன் செய்ய வேண்டும். போன் போக வேண்டுமானால் பூஸ்டரை நிறுத்த வேண்டும். இவ்வளவு கச்சிதமான வேலையை நான் ஆபீஸில் ஒரு நாளும் செய்ததில்லை.

மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன். அன்றைக்குத் தை அமாவாசை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரோடு பூராவும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ். எல்லா ஆட்டோவிலும் எலுமிச்சம்பழத்தோடு ஒன்பது பேர்.

ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தினார். "மலையனூரா சார்? ஏறு, ஒரு ஆளுக்கு எடம் கீது."

"இல்லப்பா, இங்கதான். புள்ளையார் கோயில் தெரு."

"அதுக்கு ஆட்டோவா? நடந்து போ சார், உன் தொப்பைக்கு நல்லது."

ஆட்டோவுக்குள் இருந்த ஒன்பது பேரும் என் தொப்பையைப் பார்த்து ஆமோதித்தார்கள். ஓடினேன். ஐம்பத்து நாலு வயதில், இன் செய்த சட்டையோடு, காற்றின் மேலதிகாரி காற்று கிடைக்காமல் வாயைப் பிளந்துகொண்டு ஓடியதை எங்கள் ஊர் பார்த்தது. பள்ளியில் என்னோடு படித்த ஒருவன் சைக்கிள் கடையிலிருந்து, "இன்னாடா, போலீஸ் தொரத்துதா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் பெரிய தப்பில்லை.

சந்துக்குள் புகுந்து வந்தால் முந்திவிடலாம் என்பது என் கணக்கு. தெருமுனை திரும்பினபோது எங்கள் வீட்டு வாசலில் தலையில் ஆன்டெனா வைத்த ஜீப்பு நின்றிருந்தது. நான் ஆசைப்பட்ட மாதிரியே தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது.

அவர்கள் டீ குடிக்கவில்லையாம். கடையில் பால் தீர்ந்துவிட்டதாம்.

உள்ளே போனேன். இன்ஜினீயரும் உடன் வந்த இரண்டு பேரும் எங்கள் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு டம்ளர் மோர். எதிர்வீட்டு நர்ஸம்மா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். நைனா வெளுத்த வேட்டி கட்டி, மனு கொடுத்த மனிதருக்கு உரிய கம்பீரத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் ஆவுதும்மா. நான்தான் மனு குடுத்தேன். தெருவுல நாப்பது கையெழுத்து வாங்குனேன். இப்பத்தான் வரீங்க. பரவால்ல, வந்தீங்களே." என்னைப் பார்த்தார். "டேய், நீ எங்கடா இங்க? இன்னாடா இப்பிடி வேர்த்துருக்குது? ஒக்காரு, ஒக்காரு. அம்மா, இவன் என் பையன். உங்க மாதிரிதான், காத்து வேல."

இன்ஜினீயர் எழுந்து நின்றார். "சார்" என்றார். அந்த 'சார்' நான் கற்பனை செய்திருந்த சாராக இல்லை.

"சாரா?" என்றார் நைனா. "உங்களுக்குத் தெரியுமா இவன?"

நைனா பதிலுக்குக் காத்திராமல் கூடத்து மூலைக்குப் போனார். "அந்தக் கம்பெனிக்காரன் இன்னா எழுதறான், எங்க மேல தப்பில்லைன்றான். இங்க வந்து பாருங்கம்மா. இது பூஸ்டரு. எம்பையன் டெல்லியிலேருந்து வாங்கியாந்து குடுத்தது. இவ்ளோ பெரிய மெஷினு இருந்தும் சிக்னல் வரலைன்னா அவன் டவரு எவ்ளோ மோசமா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

மூலையில் இரண்டு ஆன்டெனாக்களும் ஜன்னல் கம்பியில் ஒரே கயிற்றால் சேர்த்துக் கட்டப்பட்டு, தோளோடு தோள் உரசி நின்றன. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். பூஸ்டர் பெட்டிக்கும் ஒரு பொட்டு. பச்சையாக எரிய வேண்டிய விளக்கு ரத்தச் சிவப்பில் எரிந்தது.

எனக்குத் தொழில் தெரியும். மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே நீட்டினால் கூய் என்று ஒரு ஊளை வருமே, அதே ஊளைதான். வெளி ஆன்டெனாவையும் உள் ஆன்டெனாவையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று கக்குவதை இன்னொன்று விழுங்கும், விழுங்கியதைப் பெருக்கித் திரும்பக் கக்கும். காதுக்குக் கேட்காத அந்த ஊளையை எங்கள் கூடம் மூன்று மாதமாக இரவு பகலாக டவரின் காதில் போட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, இந்த ஆன்டெனா வெளிலதான இருக்கணும்?" என்று இன்ஜினீயர் மென்மையாகக் கேட்டார்.

"மாடிலதாம்மா இருந்துச்சு. கோட்டைக் கொரங்கு வந்து அதுல தொங்கி ஆடுது. ஒரு நாளு ஒயரயே கடிச்சி இழுத்துது. புள்ள ஆசையா வாங்கியாந்தத கொரங்கு கையில குடுக்க முடியுமா? ஆயுத பூசைக்கு எறக்கித் தொடச்சிப் பொட்டு வச்சேன். மறுபடி ஏத்தல. ரெண்டும் ஒண்ணா நின்னா பலம் ஜாஸ்தியா இருக்கும்னு சேத்துக் கட்டுனேன். உடனே செவப்பு லைட்டு வந்துச்சு. முன்ன பச்சைதான். சரி, பூசை போட்டதுல நல்லா வேல செய்யுதுன்னு நெனச்சேன்."

"நைனா" என்றேன். "ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"பாக்கலியே. ரெண்டையும் ஒரே பக்கமா, வாசலப் பாத்துத்தான் கட்டியிருக்கறேன்."

இன்ஜினீயர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாசல்படியில் நர்ஸம்மாவின் போன் டிங் என்றது. இன்னொரு டிங். அதன்பிறகு நிற்கவே இல்லை. எதிர்வீட்டில் ஒரு போன், பக்கத்து வீட்டில் ஒன்று, தெருவில் வேடிக்கை பார்த்தவர்களின் சட்டைப் பையெல்லாம் டிங் டிங் என்று கூவ ஆரம்பித்தது. நீங்கள் தொடர்பில் இல்லாதபோது இத்தனை பேர் அழைத்தார்கள் என்று வந்து சேராமல் கிடந்த தகவல்கள் எல்லாம் எங்கள் தெருவில் ஒரே நேரத்தில் இறங்கின.

நர்ஸம்மா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "இது மேல்சித்தாமூர் பொண்ணு, நேத்து ராத்திரி கூப்ட்டிருக்குது, ஒம்பது மாசம்... இது யாருன்னு தெரியல... ஐயோ, இது அந்தப் பொண்ணோட மாமியா." என் பக்கம் திரும்பினார். "அண்ணா, போன மாசம் ஒரு பொண்ணுக்கு ஆட்டோலயே கொழந்த பொறந்துச்சு. நாலு வாட்டி போன் பண்ணுனோம் நீங்க எடுக்கலன்னு என்ன அப்படித் திட்டுனாங்க. நல்ல வேள, தாயும் புள்ளயும் உசுரோட கீறாங்க. எம்மேலதான் தப்புன்னு நானே நெனச்சிட்டேன்." மேல்சித்தாமூர் நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனார்.

படிச்சவங்களே இப்படிச் செய்யலாமா என்ற என் வசனம் தயாராக இருந்தது. சொல்வதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை.

இன்ஜினீயர் பறிமுதல் படிவத்தை எடுத்தார். கருவி, நிறம், இடம் எல்லாவற்றையும் எழுதினார். 'கருவியை நிறுவியவர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"சார், வயசானவங்க பேர்ல எழுதினா எச்சரிக்கையோட முடிஞ்சிடும். தெரியாம வச்சிட்டாங்கன்னு குறிப்பு போட்டுடலாம்."

நைனாவுக்கு அரைகுறையாகப் புரிய ஆரம்பித்திருந்தது. என் முகத்தையும் பூஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதாலதான் சிக்னல் போச்சா?"

"ஆமா ஐயா."

"அப்ப எம்பேரப் போடும்மா. நான்தான கட்டுனேன். இவனுக்கு இதுல இன்னா சம்மந்தம்? கொரங்கு பேரயும் சேத்துப் போட்டுக்கோ."

இந்த இடத்தில் ஒரு நல்ல மகன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்தது, பேசாமல் இருந்தது. கொஞ்ச நேரம் இல்லை, நன்றாகவே பேசாமல் இருந்தேன். எச்சரிக்கைதானே, நைனாவுக்கு எச்சரிக்கை ஒன்றும் புதிதில்லை என்று மனம் ஒரு பக்கம் வாதாடியது. வாதம் பலமாகவே இருந்தது. நாற்காலியின் சாய்மானம் முதுகில் படுகிற மாதிரிகூட இருந்தது. வெளியே தெருவில் நர்ஸம்மாவின் குரல் கேட்டது: "வலி எப்ப ஆரம்பிச்சுதும்மா? இல்ல, இல்ல, இனிமே எடுப்பேன். இனிமே போன் போவும்."

இன்ஜினீயர் படிவத்துக்குக் கீழே இருந்த கோப்பைச் சரிசெய்தார். வேண்டுமென்று செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேலே என் குறிப்பு தெரிந்தது. யாராக இருந்தாலும். இரண்டு கோடு. அதன் அடியிலிருந்து கடைசிப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நைனாவின் கையெழுத்து, எல்லா எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து, தெருவில் நாற்பது பேரின் பெயரோடு. மூன்று ஆபீஸ் தாண்டி என் மேஜை வரை வந்து, நான் புரட்டாமல் திரும்பிவந்த பக்கம்.

"பேனாவக் குடுங்க" என்றேன்.

கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பதவியையும் எழுதினேன். பதவி நீளம் என்பதால் கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. நின்றபடியே போட்டதில் கையெழுத்து யாரோ போலிக் கையெழுத்துப் போட்ட மாதிரி வந்தது. "சார், இன்னொரு வாட்டி போடுங்க" என்றார் இன்ஜினீயர். குற்றத்தை இரண்டு முறை ஒப்புக்கொண்டவன் எங்கள் துறையில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அவர்கள் பூஸ்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். நைனா ஜன்னல் கம்பியில் தொங்கிய வெறும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மனுவ வாபஸ் வாங்கிக்கலாமா?"

"முடியாது நைனா. நடவடிக்கை எடுத்தாச்சு."

"எடுத்துட்டானுங்களா?" கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணுடா, இது வரைக்கும் நான் குடுத்த மனுவுல இது ஒண்ணுதான் வேல செஞ்சிருக்குது." குரலில் துக்கத்தோடு ஒரு சின்னப் பெருமையும் இருந்ததை நான் கவனிக்காதது போல் இருந்துகொண்டேன்.

அடுத்த மாதம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸின் மாதிரி வாசகத்தைப் பல வருஷத்துக்கு முன் எழுதித் தந்தவன் நான்தான். 'பொதுநலனைத் துச்சமாக மதித்து' என்ற வரி எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது. நான் லீவில் ஊரில் இருந்ததால் நைனாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"யார்றா எழுதுனது? மனுசன் பேசற பேச்சா இது?" என்றார்.

"யாரோ ஒரு பழைய ஆபீசர்."

"வெளங்கமாட்டான்."

வெளங்கவில்லை. கறையில்லை என்ற தாள் வரவில்லை. மேல் நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. என்னை அலைவரிசை அட்டவணைப் புத்தகத்தை அச்சுப்பிழை பார்க்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அபராதமும் கட்டினேன். புதுத் தலைவர் மேடையில் பூஸ்டரைப் பற்றிப் பேசும்போது என் கல்யாணப் பந்தி உதாரணத்தைத்தான் சொல்கிறாராம். இப்போது அதற்கு முன்னைவிடக் கூடுதலாகச் சிரிக்கிறார்களாம்.

நர்ஸம்மா வீட்டிலும் தெருவிலும் பழையபடி சிக்னல் ஒன்றிரண்டு கோடு வருகிறது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறது. நைனா பேச வேண்டுமானால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். காலையில் பேசும்போது பின்னணியில் குரங்குச் சத்தம் கேட்கும். "இரு, இவன வெரட்டிட்டு வரேன்" என்று போனைத் தொட்டிமேல் வைத்துவிட்டுப் போவார். அவர் திரும்பிவருவதற்குள் குரங்கு போனை எடுத்துக்கொண்டால் நான் என்ன பேசுவது என்பதுதான் இப்போதைக்கு என் பயம்.

போன வாரம் ஊருக்குப் போனபோது சில முழுநீளத் தாள்களை என் முன்னால் வைத்தார். மலைக்கு இந்தப் பக்கம் முறைப்படி ஒரு சின்ன டவர் வேண்டும் என்று மனு. கடைசித் தாளில் தெருக்காரர்களின் கையெழுத்து; முதலாவது நர்ஸம்மா, இரண்டாவது நைனா. மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

"நீயும் போடு. இந்தத் தெருக்காரன்தான நீ."

வாங்கிப் போட்டேன். பதவி எழுதவில்லை, கதவு எண் எழுதினேன். நைனா கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் பரிசோதித்தார். பிறகு மனுவைப் பிரித்து, நாற்பது கையெழுத்து இருந்த அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் குண்டூசி குத்தினார்.

"கடைசிப் பக்கம் வரைக்கும் எவன்டா படிக்கிறான்" என்றார்.